பைக்குக் காவல்

அந்தமானுக்குப் போகலாம் என்று முதலில் சொன்னது நான்தான். இதை இங்கேயே எழுதி வைத்துவிடுகிறேன். ஏனென்றால் எங்கள் வீட்டில் இப்போது யாரைக் கேட்டாலும் அது என் கணவரின் யோசனை என்றுதான் சொல்வார்கள். அவரும் அப்படித்தான் நம்புகிறார். ஒரு ஞாயிற்றுக்கிழமை கொத்தவரங்காய் நறுக்கிக்கொண்டே, "ஏன்னா, அந்தமான் பக்கம் போய்ட்டு வரலாமா?" என்றேன். பேப்பரிலிருந்து தலையை எடுக்காமல் "உம்" என்றார். மறுநாள் சாயந்தரம் வாக்கிங் முடித்துவிட்டு வந்து, வழியில் ஏதோ அசரீரி கேட்டவர் மாதிரி, "நாம அந்தமான் போனா என்ன?" என்று என்னையே கேட்டார். கேட்டதோடு விடவில்லை. ஏன் போக வேண்டும் என்று எனக்கு நாலு காரணமும் சொன்னார்.

என்னிடம் இருந்த காரணம் ஒன்றே ஒன்று. எங்கள் பெண் ஒரு நாள் ஃபோனில் ஒரு வீடியோ காட்டினாள். கண்ணுக்கும் மூக்குக்கும் சேர்த்து ஒரு மாஸ்க், வாயில் ஒரு குழாய், ஒரு பெண்மணி கடலில் குப்புற மிதக்கிறாள். என் வயதுதான் இருக்கும். அவளுக்குக் கீழே நீலமும் மஞ்சளுமாய் மீன்கள். அவள் பாட்டுக்குப் பார்க்கிறாள், அவை பாட்டுக்குப் போகின்றன. அதை ஏழெட்டுத் தடவை பார்த்திருப்பேன். ஐம்பத்தைந்து வயது. மயிலாப்பூர் வாசம். நடந்து போனால் கடல். அதற்குள் ஒரு தடவைகூடத் தலையை விட்டதில்லை. ஒரே ஒரு தடவை விட வேண்டும், மீனை அதன் வீட்டிலேயே பார்க்க வேண்டும், அவ்வளவுதான் ஆசை. இதை வாய்விட்டுச் சொல்ல வெட்கமாக இருந்தது. அதனால் வெறுமனே "அந்தமான்" என்று மட்டும் சொல்லி நிறுத்திக்கொண்டேன். என் பங்குத் தப்பு அதுதான்.

என் கணவர் இன்சூரன்ஸ் ஆபீசிலிருந்து ரிடையர் ஆகி இரண்டு வருடம் ஆகிறது. ஆபீசில் ஒரு டிபார்ட்மென்டையே மேய்த்தவருக்கு இப்போது மேய்க்கக் கிடைத்தது நானும் காஸ் சிலிண்டரும்தான். ஆகவே அந்தமான் கிடைத்ததும் மனிதர் பத்து வயது குறைந்துவிட்டார். சாஃப்ட்வேர் கம்பெனியில் வேலை பார்க்கும் எங்கள் பெண், கம்ப்யூட்டரில் ஒரு சின்னப் பட்டியல் போட்டுக் கொடுத்தாள். விமானம், படகு, தங்கும் இடம் என்று ஆறு வரி. ஒரே வாரத்தில் அது வலப்பக்கமாக வளர்ந்து, திரையைத் தள்ளிக்கொண்டே போனால்தான் முடிவு தெரியும் என்கிற நிலைக்கு வந்துவிட்டது. வெயில், மழை, அலை, சூரியோதயம், காலை டிபன், மாற்று டிபன்.

"அம்மா, அப்பா இதுல எல்லாத்துக்கும் கலர் குடுத்திருக்கார். மலச்சிக்கலுக்குக்கூட ஒரு கட்டம் இருக்கு" என்றாள் பெண்.

"அதுக்கு என்ன கலர்?" என்று கேட்டேன். அவர் எங்களைத் திரும்பியும் பார்க்கவில்லை.

இந்தப் பயணத்தில் இரண்டு விசேஷங்கள். ஒன்று, தீவின் காட்டு வழியே மேடும் பள்ளமுமாக நடந்து அந்தப் பக்கத்துக் கடற்கரைக்குப் போவது. இன்னொன்று, அங்கே ஸ்நார்க்கலிங், அதாவது நான் வீடியோவில் பார்த்த அதே மிதத்தல். நடைக்குப் பழக வேண்டும் என்று சொல்லி, முதுகுப்பையில் ஐந்து கிலோ பொன்னி அரிசி மூட்டையை வைத்துக்கொண்டு தினமும் காலையில் கிளம்ப ஆரம்பித்தார். துணைக்கு நான். எனக்கு ஒரு கிலோ துவரம் பருப்பு. மாட வீதியில் நாலு சுற்று, அப்புறம் சாந்தோம் தாண்டிக் கடற்கரை. தெரிந்தவர்கள் எல்லாம் ரேஷன் கடை திறந்துவிட்டதா என்று கேட்டார்கள். அவர் ஒவ்வொருவரையும் நிறுத்தி, மலையேற்றத்தில் முதுகெலும்பின் பங்கு பற்றி விளக்கினார். அந்த விளக்கத்தில் நான் பருப்பை இறக்கி வைத்து மூச்சு வாங்கிக்கொள்வேன்.

கடற்கரைச் சாலையில் மீன் விற்கும் அம்மாள் ஒருத்தி எங்களை மூன்று நாள் பார்த்துவிட்டு நாலாம் நாள் கூப்பிட்டே விட்டாள்.

"இன்னாமா, தெனம் மூட்டைய தூக்கினு எங்க போறீங்கோ?"

"அந்தமானுக்கு" என்றார் இவர், நடந்தே போகிற மாதிரி.

"அங்க இன்னா கீது?"

"மீன் பார்க்கப் போறோம்" என்றேன் நான்.

"மீனா? வாங்கறதில்ல, துன்றதில்ல, இம்மாம் நாளா மூக்க மூடிக்கினுதானே இந்தாண்ட போறே? துன்னாத மீன இன்னாத்துக்கு அம்மாந்தூரம் போயி பாக்குறே? இங்க வந்து குந்து, நா காட்றேன். வஞ்சிரம் கீது, சங்கரா கீது, டிக்கெட்டே வாணாம்."

பக்கத்துக் கடைக்காரர்களெல்லாம் சிரித்தார்கள். எனக்குக் கோபம் வரவில்லை. உட்கார்ந்து பார்க்கலாமா என்றுகூட ஒரு நிமிஷம் தோன்றியது. இவர்தான் நின்றால் இதயத் துடிப்பு குறைந்துவிடும் என்று கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனார்.

அடுத்தது தி. நகர். அவருக்குக் காட்டில் நடக்க ஷூ வாங்க வேண்டும். கடைக்குள் அவர் ஷூவைப் போட்டுக்கொண்டு நடந்தார், உட்கார்ந்து எழுந்தார், ஸ்டூல் மேல் ஏறி இறங்கினார். பேச்சிலேயே திருநெல்வேலிப் பக்கம் என்று தெரிந்த கடைக்காரர் பொறுமையாக, "ஐயா, மலைய வேணா கொண்டாரச் சொல்லட்டுமா?" என்றார். இது சீக்கிரம் முடியாது என்று தெரிந்ததும் நான் மெதுவாக நழுவிப் பக்கத்துத் தெருவில் ஒரு துணிக்கடைக்குள் புகுந்தேன். நீந்தும்போது போடுகிற உடை வேண்டும், முழுக்கை, முழுக்கால் என்றேன். குரல் எனக்கே கேட்கவில்லை.

"யாருக்கு ஆன்ட்டி, பொண்ணுக்கா?" என்றாள் விற்கிற பெண்.

"ஆமா."

"என்ன சைஸ் இருப்பாங்க?"

"கொஞ்சம் குண்டு. பார்த்தா என்னை மாதிரியேதான் இருப்பா."

அந்தப் பெண் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். ஒன்றும் கேட்காமல் கரு நீலத்தில் ஒன்றை எடுத்து என் தோள்மேல் வைத்து அளந்து பார்த்தாள். புடவைப் பைக்குள் அதை மறைத்து எடுத்துக்கொண்டு ஷூ கடைக்கு ஓடி வந்தபோது அவர் இன்னும் ஸ்டூல் மேல்தான் நின்றுகொண்டிருந்தார்.

அந்த வாரமே மாஸ்க்கும் குழாயும் பார்சலில் வந்தன. பெண்ணும் வருவதால் நாங்கள் மூன்று பேர், ஆனால் இரண்டு செட்தான். மூன்றாவது பின்னால் வரும் என்று நினைத்துக்கொண்டேன். கேட்கவில்லை. கேட்டால் என் அவசரம் வெளியே தெரிந்துவிடுமே. ஆனால் பெண் ஆபீஸ் போனதும் அவளுடைய மாஸ்க்கை எடுத்துக்கொண்டு குளியலறைக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொள்வேன். பக்கெட் நிறையத் தண்ணீர், அதற்குள் முகம், வாயில் குழாய். முதல் நாள் குழாய் வழியாகத் தண்ணீரைக் குடித்துவிட்டுப் புரையேறிச் செத்தேன் பிழைத்தேன் என்றாகிவிட்டது. மூன்றாம் நாள் நிதானமாக மூச்சு விட வந்தது. பக்கெட்டின் அடியில் பார்க்க ஒன்றும் இல்லை, ஒரு ஷாம்பு மூடி கிடந்தது. அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். சந்தோஷமாக இருந்தது.

வெளியிலிருந்து இவர் கதவைத் தட்டினார். "என்ன உள்ள புஸ் புஸ்னு சத்தம்?"

"வாய் கொப்புளிக்கறேன்."

"அரை மணி நேரமாவா?"

"ராத்திரி பூண்டு ரசம்" என்றேன். காலடிச் சத்தம் கூடத்துப் பக்கம் நகர்ந்து போனது.

இப்படியே போய்க்கொண்டிருந்தபோது ஒரு சிக்கல் வந்தது. விமானம் சனிக்கிழமை. அந்தமான் கிழக்கே. சனிக்கிழமை கிழக்கே சூலம், அந்தத் திசையில் கிளம்பக் கூடாது. எத்தனை கட்டங்கள், எத்தனை கலர்கள், இதைப் பார்க்க மறந்துவிட்டார். கிளம்ப நாலு நாள் இருக்கும்போது காலண்டரைக் கிழித்தவர் அப்படியே நின்றுவிட்டார். தனக்கு இதிலெல்லாம் நம்பிக்கை கிடையாது என்று எனக்கு உறுதிமொழி கொடுத்துவிட்டு, "இருந்தாலும் எதுக்கும் பரஸ்தானம் வெச்சுடலாம்" என்றார்.

பரஸ்தானம் என்பது ஒன்றும் பெரிய காரியமில்லை. கிளம்பும் நாள் சரியில்லை என்றால், அதற்கு முன்னால் ஒரு நல்ல நாள் நல்ல நேரத்தில் ஒரு பையை மட்டும் வீட்டைவிட்டு வெளியேற்றி இன்னொருவர் வீட்டில் வைத்துவிட வேண்டும். பயணம் அப்போதே தொடங்கிவிட்டதாகக் கணக்கு. சூலத்தை ஏமாற்றுகிற வேலைதான். ஒரே நிபந்தனை, போன பை திரும்ப வீட்டுக்குள் வரக் கூடாது. புதன்கிழமை காலை நல்ல நேரம் பார்த்து, தன் பையை எடுத்துக்கொண்டு வாசலைத் தாண்டி, எட்டே எட்டு அடி நடந்து, எதிர் ஃப்ளாட் மாமி வீட்டுக் கூடத்தில் வைத்துவிட்டு வந்தார். வந்து உட்கார்ந்த பிறகுதான் ஞாபகம் வந்தது. பிரஷர் மாத்திரை, படிக்கிற கண்ணாடி, ஷேவிங் செட் எல்லாம் அந்தப் பைக்குள்.

பையைத் திரும்பக் கொண்டுவரக் கூடாது. உள்ளே இருப்பதை மட்டும் கொண்டுவரலாமா என்பதற்கு சாஸ்திரத்தில் அவருக்குத் தெளிவு கிடைக்கவில்லை. ஆகவே அவரே எதிர் வீட்டுக்குப் போய்விடுவார். காலையில் துண்டோடு போய் அங்கே ஷேவ் செய்துகொண்டு, மாமி கொடுத்த தண்ணீரில் மாத்திரையைப் போட்டுக்கொண்டு, மாமி வீட்டுக் காபியையும் குடித்துவிட்டு வருவார். பேப்பர் படிக்கவும் அங்கேதான். எதிர் ஃப்ளாட்டில் இருந்தாலும் சாப்பாட்டுக்கு மட்டும் சரியாக இங்கே வந்துவிடுவார். ஒரே நாளில் அடுக்ககம் முழுக்க விஷயம் பரவி, எங்களுக்குள் சண்டை என்று வாட்ச்மேன் முடிவு கட்டிவிட்டார்.

வெள்ளிக்கிழமை காலை அவருக்கே கூச்சமாகிவிட்டது. "நீ போய் மாத்திரைய மட்டும் எடுத்துண்டு வந்துடு. சாஸ்திரம் மாத்திரைய ஒண்ணும் சொல்லாது" என்றார்.

போனேன். மாமி கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். பையைத் திறந்து மாத்திரையைத் தேடும்போது ஒரு பிளாஸ்டிக் ஃபைல் அகப்பட்டது. திட்டம் முழுவதையும் கடையில் கொடுத்து பிரின்ட் எடுத்து வைத்திருந்தார். மூன்றாம் நாளைத்தான் என் கண் தேடியது. கிடைத்தது. காலை, ஸ்நார்க்கலிங். அவர் பெயர், பெண் பெயர். அதற்கு நேரே இன்னொரு கட்டத்தில்: கரையில் பை, செருப்பு, ஃபோன், கண்ணாடி. என் பெயர்.

அந்தக் கட்டத்துக்குப் பச்சை வண்ணம் கொடுத்திருந்தார். எல்லாம் சரியாக இருக்கிறது, கவலையில்லை என்பதற்குப் பச்சை.

எனக்கு அழுகை வரவில்லை, முதலில் கோபம்தான் வந்தது. காதெல்லாம் சுட்டது. கல்யாணமாகி மூன்றாவது வாரம் கன்னியாகுமரி. எல்லோரும் கடலில் இறங்கக் கிளம்பினார்கள். மாமியார் தன் சங்கிலியைக் கழற்றி என் கையில் வைத்துக்கொண்டே, "நீ வரலையோ?" என்று கேட்டார். கையில் சங்கிலியை வாங்கிக்கொண்ட புது நாட்டுப்பெண் வேறு என்ன சொல்வாள்? "எனக்குத் தண்ணி ஆகாதும்மா" என்றேன். மரியாதைக்குச் சொன்ன பொய். அதன் மேலே மாமனார் கடிகாரம், இவர் கண்ணாடி, ஆறு ஜோடி செருப்பு. அடுத்து குற்றாலம், எல்லோர் துணிக்கும் காவல் நான். அப்புறம் கோவளம். அப்புறம் ஒரிசாவில் பூரி. பெண் பிறந்த பிறகு அவள் மாற்றுத் துணிக்கும் பிஸ்கட்டுக்கும் சேர்த்து. "அவளுக்குத்தான் தண்ணி ஆகாதே" என்பது எங்கள் குடும்பத்தில் என் நட்சத்திரம் மாதிரி எல்லோருக்கும் தெரிந்த விஷயமாகிவிட்டது. நானும் அதை மறுக்காமல் ஒவ்வொரு கரையிலும் முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன்.

மாத்திரை வரவில்லையே என்று இவரே வந்து மாமி வீட்டு வாசலில் நின்றார்.

"இது என்ன?" என்று ஃபைலை நீட்டினேன்.

"பிளான். ஃபைனல்."

"மூணாம் நாளப் படிங்கோ."

படித்தார். கண்ணாடி பைக்குள் இருந்ததால் தாளைத் தள்ளிப் பிடித்துக்கொண்டு படித்தார். "சரியாத்தானே இருக்கு?"

"நான் கரைல உக்காரப்போறேன்னு யார் சொன்னா?"

"உனக்குத்தான் தண்ணி ஆகாதே."

"அதை யார் சொன்னா?"

"நீதான் சொன்னே. கன்னியாகுமரில."

"அப்போ என் கையில உங்கம்மா சங்கிலி இருந்தது" என்றேன்.  "இந்த அந்தமான் நான் கேட்டது. மீன் பாக்கணும்னு கேட்டேன். தினம் பக்கெட்டுக்குள்ள தலைய விட்டுண்டு பழகிண்டிருக்கேன். நீங்க பூண்டு ரசம்னு நம்பிண்டிருக்கேள்."

 மாமி கீரையிலிருந்து தலையை எடுக்காமல், "ஏண்டி, முப்பது வருஷமா வாயத் திறக்காம இருந்துட்டு இப்போ திடீர்னு சொன்னா அவர்தான் என்ன பண்ணுவார்?" என்றாள். எனக்குச் சுருக்கென்றது. நியாயம்தான். அந்த நியாயத்தை வெள்ளிக்கிழமை காலையில், அவள் வீட்டுக் கூடத்தில், என் வயிறு எரிகிற நேரத்தில் கேட்க எனக்குப் பிடிக்கவில்லை.

"முன்னாடியே சொல்லியிருக்கலாமே" என்றார் இவர் மெதுவாக.

"ஒரு தடவ கேட்டிருக்கலாமே."

அவர் சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்தார். மாமியின் செருப்பு ஸ்டாண்டின் மேல் தாளை வைத்து, பச்சைக் கட்டத்தில் என் பெயரை அடித்துவிட்டுத் தன் பெயரை எழுதினார். மேலே ஸ்நார்க்கலிங்கில் தன் பெயரை அடித்து என் பெயரை எழுதினார். "மாஸ்க் ரெண்டுதான் இருக்கு. நீ போ. நான் பைய பாத்துக்கறேன்" என்றார். கோபத்தில் சொல்லவில்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை. பத்து வயது குறைந்த மனிதர் அதில் பாதியைத் திரும்ப ஏற்றிக்கொண்ட மாதிரி நின்றார். அவருக்கும் அந்த மீன்கள் மேல் ஆசை என்பது எனக்குத் தெரியும். கேட்டதைக் கொடுத்துவிட்டார், வாங்கிக்கொள்ள எனக்குச் சங்கடமாக இருந்தது. ஆனால் திருப்பிக் கொடுக்கவில்லை. ஒருத்தர் கரையில் உட்கார்ந்தே ஆக வேண்டும் என்பதில் எங்கள் இரண்டு பேருக்குமே அப்போது சந்தேகம் வரவில்லை.

மறுநாள் காலை சூலத்துக்குப் பரிகாரமாக ஆளுக்கு ஒரு ஸ்பூன் தயிர் சாப்பிட்டுவிட்டு, எதிர் வீட்டிலிருந்து பையை எடுத்துக்கொண்டு கிளம்பினோம். பெண் விமானத்தில் எங்கள் இருவருக்கும் நடுவில் உட்கார்ந்து வழியெல்லாம் தூங்கினாள்.

மூன்றாம் நாள். காட்டு வழி சேறும் வேருமாக இருந்தது. அவருடைய ஷூ அருமையாக உழைத்தது, என்னுடைய பழைய கான்வாஸ் ஷூவும் அதே அளவுக்கு உழைத்தது. மரங்கள் முடிந்து வெளிச்சத்துக்கு வந்தபோது கடல் கண்ணாடிபோலக் கிடந்தது. படகுக்காரர் தமிழர்தான், பல வருஷங்களுக்கு முன்னால் ராமநாதபுரத்திலிருந்து வந்த குடும்பம்.

"மூணு பேருங்களா?" என்றார்.

"ரெண்டு பேர். நான் இங்க உட்கார்ந்து பைய பார்த்துக்கறேன்" என்றார் இவர். முன்கூட்டியே ஒரு நிழலையும் பார்த்து வைத்துவிட்டார்.

"எதுக்கு சார்?" என்றார் படகுக்காரர். படகின் மூலையில் நீல நிறத்தில் பிளாஸ்டிக் டிரம் ஒன்று கயிற்றால் கட்டியிருந்தது. மூடியைத் திருகித் திறந்து, எங்கள் பையை, ஃபோன்களை, கண்ணாடியை, செருப்பை, ஷூவை எல்லாம் உள்ளே போட்டு, மூடியைத் திருப்பித் திருகினார். "மாஸ்க் எங்ககிட்டயே நெறைய இருக்கு. ஏறுங்க."

எல்லாம் அரை நிமிஷம்கூட ஆகவில்லை. இவர் அந்த டிரம்மையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"இப்படி ஒண்ணு அப்பவே இருந்திருந்தா நீயும் எறங்கியிருக்கலாம்" என்றார்.

"இருந்ததே. நான்தான்" என்றேன்.

பெண் சிரித்தாள். அப்புறம் எங்கள் இரண்டு பேர் முகத்தையும் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டாள். இவர் முதலில் படகில் ஏறி, எனக்குக் கையை நீட்டினார். படகு ஓடிய நேரமெல்லாம் கையை விடவில்லை. ஒன்றும் சொல்லவும் இல்லை. சொல்லியிருந்தால் நான் வேறு ஏதாவது சொல்லியிருப்பேன்.

கரு நீல உடையில் தண்ணீருக்குள் இறங்கி, குழாயைக் கடித்துக்கொண்டு தலையை உள்ளே விட்டேன். மீன்கள் இருந்தன. நீலம், மஞ்சள், வரிவரியாக ஒன்று, கிளி மாதிரி வாயோடு ஒன்று. என் மூக்குக்கு அடியிலேயே, என்னை ஒரு பொருட்டாகவே மதிக்காமல் போய்க்கொண்டிருந்தன. கொஞ்ச நேரத்தில் எல்லாம் மங்கலாகிவிட்டது. மாஸ்க்குக்குள் கடல் தண்ணீர் வந்துவிட்டதென்று நினைத்து மேலே வந்து கழற்றினால், அது என் கண்ணீர்தான். பக்கத்தில் மிதந்துகொண்டிருந்த இவர் என்னைப் பார்த்து, கேள்வியாகக் கையை ஆட்டினார். ஒன்றுமில்லை என்று தலையசைத்துவிட்டு, மாஸ்க்கைக் கழுவி மறுபடி மாட்டிக்கொண்டு உள்ளே போனேன். படகுக்காரர் நேரமாகிவிட்டது என்று மூன்று தடவை கூப்பிட்டாராம். எனக்குக் கேட்கவில்லை.